மஞ்சள் கரு

கணவருக்குக் கொலஸ்ட்ரால் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அந்த வீட்டில் முட்டையின் வெள்ளைக் கரு அவருக்கு, மஞ்சள் கரு அவளுக்கு என்று ஆகிப்போனது. யாரும் அப்படித் தீர்ப்பு எழுதவில்லை. குப்பையில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவியில் நின்று வெந்துவிட்டு வருவாள். அவர் லாரி டிப்போவில் ஸ்டோர்கீப்பர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழ வேண்டாத உத்தியோகம். மாத்திரை கைக்கு வந்ததும் மனுஷர் சட்டம் போட ஆரம்பித்தார். கோழியைத் தோலுரித்துத்தான் சமைக்க வேண்டும். உரித்த தோலை அவள் வறுத்துத் தின்றாள். வெண்ணெய் கண்ணில் படக் கூடாது. டப்பாவை அவள் காலி செய்தாள். கிரேப்ஃப்ரூட் ஜூஸ் அந்த மாத்திரைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, திராட்சையையே வீட்டுக்குள் விடவில்லை. அது எலுமிச்சை ஜாதிப் பழம், இது வேறு என்று மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டும் பயனில்லை.

காலையில் இரண்டு சமையல். அவர் ஒதுக்கியதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். வாயைக் கட்டுவது எப்படி என்று என் அண்ணனிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நாத்தனார் போகிற இடமெல்லாம் பெருமை பேசினாள். கட்டிய வாய்க்குப் பேர் கிடைத்தது. மிச்சத்தை வாங்கிக்கொண்ட வயிற்றை யார் நினைத்தார்கள்?

நானும் ஒரு தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்க்கட்டுமா என்று அவள் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"உனக்கென்ன? கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு."

அந்த உடம்புதான் ஒரு நாள் மதியம், தேய்த்து அடுக்கிய சட்டைகளின் மேல் சாய்ந்தது. தாடையில் தொடங்கிய வலி கைக்கு இறங்கியபோதும் நீராவிச் சூடென்றே நினைத்திருந்தாள். சூப்பர்வைசர் அக்கா கம்பெனி வேனில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு மட்டும் காரணமில்லை, வம்சம், வயசு எல்லாம் உண்டு, முன்பே பார்த்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்றார் டாக்டர். கணவருக்குக் கொடுத்த அதே மாத்திரையைத்தான் அவளுக்கும் எழுதினார்.

வீட்டுக்கு வந்த அன்று கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னார்: "ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே சமையல். உனக்கும் வேலை மிச்சம்."

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சமைக்கப் போறது யாரு?"

அவர் சற்று யோசித்தார். "அவசரமில்ல. மெதுவாப் பண்ணு."

எழுந்து நடமாட முடிந்த பிறகு அவள் அடுப்படிக்குப் போனாள். காயை நறுக்கி, உப்பைக் குறைத்து, ஒரு ஆளுக்கு மட்டும் வேகவைத்தாள். மேஜையில் உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிட்டாள். மாத்திரையை விழுங்கிவிட்டு எதிரே காத்திருந்தவர், எனக்கு எங்கே என்று கேட்டார். காய் கூடையில் இருக்கிறது என்றாள்.

அவர் கூடத்துக்குப் போய்த் தங்கைக்கு போன் போட்டார். "அந்த மாத்திரை போட்டா கோவம் வரும் போலிருக்கு. எனக்கு அப்படியெல்லாம் வரலையே" என்றார் கவலையோடு.

அவள் தன் தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்தாள்.