கவுஸ் வூட்டுக்கு நடு இடம்

கடத்தூரில் ஸ்டவ் ரிப்பேர் பார்த்துவந்த முகம்மது கவுஸுக்கு முப்பத்தாறு வயசாகியும் நிக்காஹ் ஆகவில்லை. குறையொன்றுமில்லை, அக்காமார் ரெண்டு பேர், அவ்வளவுதான்.

ஊர் முக்கில் ரெண்டு ரோடு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஒன்றில் முக்கை ஒட்டி மூத்தவர் ஜான் பீ. மற்றதன் கோடியில் இளையவர் ஜுபைதா. "முதல்ல வூடு கட்டு. அவ பக்கம் சாஞ்சு கட்டினா பொண்ணு பார்க்க வரமாட்டேன்" என்றார் ஜான் பீ. ஜுபைதா சொன்னதும் அதுவே. இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அரூரில் நசீம் பானு என்று ஒரு பெண் தகைந்து வந்தது. இனித் தள்ள முடியாது. ரோடுகளுக்கு இடையில் அப்பா விட்டுப்போன கொல்லை கிடந்தது. பத்தாவதில் தவறிய கவுஸுக்குக் கோண இருசமவெட்டி மட்டும் மறக்கவில்லை: அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் ரெண்டு ரோட்டுக்கும் ஒரே தூரம். கொத்தனார் ராஜப்பனோடு முளையடித்து, கயிறு பிடித்து, சுண்ணாம்பு தூவி, கோட்டின் மேலேயே கடைக்கால் தோண்டிவிட்டார். தேர்தலில் நிற்கிறவர்கூட இத்தனை நடுநிலை காட்டியதில்லை.

ஜுபைதா வந்து பார்த்தார். பள்ளத்தருகே நின்றாலே ஜான் பீ வீட்டுத் தாளிப்பு மணத்தது.

"ரெண்டு ரோட்டுக்கும் ஒரே தூரம்க்கா. அளந்து பார்த்துக்க."

"நான் என்ன ரோட்டுலயா படுத்திருக்கேன்? நீ ரோட்டுக்குத் தம்பியா, எனக்கா?"

கவுஸ் முளையைப் பிடுங்கினார். ரோட்டை அளந்தவர் அக்காமார் வீடுகளை அளக்கவில்லை. ராஜப்பன் கயிற்றை நீட்டிக்கொண்டே போனார். ரெண்டு வூட்டுக்கும் சரிசமமான இடம் அதே கோட்டில் கிடைக்கத்தான் செய்தது. கொல்லையைத் தாண்டி ஏரிக்குள்ளே, இடுப்பளவுத் தண்ணீரில்.

விஷயம் கேட்டு ஜான் பீயும் ஏரிக்கரைக்கு வந்தார். லுங்கியைத் தூக்கிக்கட்டி, முளையும் கையுமாக நடுத்தண்ணீரில் நின்றிருந்தார் தம்பி.

"பரிசல் ஒண்ணு வாங்கிக்கடா" என்றார் ஜான் பீ.

ஜுபைதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்ரீதுக்குக்கூடப் பேசிக்கொள்ளாத அக்காமார், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இவனைத் தனியா விட்டா ஆகாது" என்றார் ஜுபைதா.

"அரூர் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் ஜான் பீ.