பாட வருகிறது, பேச வரவில்லை

என் குரல் முதன்முதலில் அறுந்தது 'ஆப்பிள்' என்ற சொல்லில்தான். காட்டுப்பாக்கத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்தேன். எதிரே நாலு வயதுச் சிறுமி. படத்தைக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'ஆ' பாதியில் நின்றது. கழுத்தை உள்ளிருந்து யாரோ ஒரு கணம் பிடித்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு மீதி வந்தது. அவள் அதை அப்படியே, அந்த இடைவெளியோடு, திருப்பிச் சொன்னாள். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்ல அவளை மாதக்கணக்கில் பழக்கியிருந்தேன்.

சில வாரங்களில் எல்லா வாக்கியமும் அப்படி உடைந்தது. வெளியே மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பாதி ஊருக்கு இருமல். எனவே என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் "தூசிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மாமியார் அதிமதுரத்தை வாயில் போட்டு அடக்கிக்கொள்ளச் சொன்னார். மிளகுப் பால், பனங்கற்கண்டு, மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எதற்கும் அது அசையவில்லை.

எனக்கு ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம் இருந்தது. இந்த நோயைப் பற்றிப் படித்தவள் நான், பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். முதலில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதன் பெயரை உடைந்த குரலில் சொன்னேன்.

"நெட்ல பாத்தீங்களாம்மா?" என்றார்.

"இல்ல சார், காலேஜ்ல."

அவர் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதினார். டென்ஷனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நிமிடம் வரை எனக்கு டென்ஷன் இல்லை. அடுத்துப் பார்த்தவர் பேசவே கூடாது என்றார். பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் காதும் கேட்காது என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. காய்கறிக் கடைக்காரர் என்னிடம் கத்திக் கத்தி விலை சொன்னார். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கையால் அபிநயம் பிடித்தார்.

இதில் பெரிய தொல்லை, எனக்குப் பாட வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவில் நிற்பேன். பாட்டு தொடங்கினால் ஒரு பிசிறு இருக்காது. பூசை முடிந்து வாசலுக்கு வந்து ஒருவரிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பதற்குள் நாலு இடத்தில் தட்டும்.

"கோயில்ல கணீர்னு பாடுற. வீட்டுக்கு வந்தா மட்டும் எப்படிம்மா தொண்டை அடைக்குது?" என்று மாமியார் ஒருநாள் கேட்டேவிட்டார்.

கணவர் அருள் அவ்வளவு நேரடியாகக் கேட்கவில்லை. "மனசுல ஏதாவது வச்சிக்கிட்டு இருக்கியா? சொல்லிடு" என்றார். எப்படிச் சொல்வது? சண்டை போடுவதற்கும் குரல் வேண்டியிருக்கிறது. குளியலறைக்குள் போய் அழுதேன். அழுகைச் சத்தமும் உடையாமல் நன்றாகவே வந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் நகருக்குள் குரலுக்கென்றே இருக்கும் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். பேசச் சொன்னார். பிறகு, "ஒரு பாட்டு பாடுங்க" என்றார். ஒருவர் கேட்டுவிட்டார் என்ற நிம்மதியில் எனக்குப் பாட்டே வரவில்லை, கண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பாடினேன். திரையில் என் குரல்நாண்கள் ஒழுங்காகச் சேர்ந்து பிரிந்தன. மறுபடி பேசினேன். கதவை அறைந்து சாத்துவதுபோல் மூடிக்கொண்டன.

ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா (பேசும்போது மட்டும் குரல்நாண்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும் கோளாறு). தொண்டையில் புண்ணோ கட்டியோ இல்லை. மூளையிலிருந்து வரும் கட்டளையில் பிழை. முழுமையாகக் குணமாகாது. போடாக்ஸ் (தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்து) ஊசியைக் கழுத்து வழியே குரல்நாணில் போடலாம். சில மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் குரல் இப்படி உடைந்தால், பாடிப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள், கிசுகிசுத்துப் பாருங்கள். அவை மட்டும் நன்றாக வந்தால் அதை மருத்துவரிடம் விடாமல் சொல்லுங்கள். நடிக்கிறீர்கள் என்று வீட்டில் சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

நோய்க்குப் பெயர் கிடைத்த வாரத்திலேயே வேலை போனது. அந்தச் சிறுமியின் அம்மா மைய நிர்வாகியிடம், "மிஸ் மாதிரியே விட்டு விட்டுப் பேசுறா" என்று புகார் சொல்லியிருந்தார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். கோபமெல்லாம் நிர்வாகி மேடம் மேல்தான். "உன்னை வெளிய அனுப்ப மனசு வரலம்மா. ரிசப்ஷன்ல உக்காரு. போன் மட்டும் எடுத்தா போதும்" என்றார்.

பேச முடியாதவளுக்குப் போன் எடுக்கும் வேலை! அவர் கிண்டல் செய்யவில்லை, உதவி என்றே நினைத்துச் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அதன்பின் யோசனைகள் வந்தன. மருத்துவம் சார்ந்த படிப்பு எதைப் படித்தவரானாலும் சென்னையில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் மெடிக்கல் கோடிங் (நோயாளியின் சிகிச்சை விவரங்களைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை) என்று எல்லோரும் முடிவு கட்டியிருக்கிறார்கள். நாத்தனார் அதைச் சொன்னார். கொழுந்தன் யூடியூப் சேனல் ஆரம்பிக்கச் சொன்னார். "பேசாமயா?" என்று எழுதிக் காட்டினேன். "அதுக்குத்தான் இப்ப கம்ப்யூட்டர் குரல் இருக்கே அண்ணி" என்றார். மாமியாருக்கு நான் டீச்சராகலாம் என்று தோன்றியது. டீச்சர் எதைக் கொண்டு பாடம் நடத்துவார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அம்பத்தூரில் ஒரு கோடிங் நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். அடுத்து உங்களைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து உட்காரும் வேலைக்கு எதற்குப் பேச்சு என்று கேட்க வாயெடுத்தேன். 'எ' அறுந்தது. எதிரே இருந்த இளைஞர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "தொண்டை சரியானதும் வாங்க மேடம்" என்றார். சரியாகாது என்று சொல்லவும் நேரம் பிடித்தது. அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் பயம் வந்தது. வருமானத்தை விட வேறொன்று உறுத்தியது. பேச்சு வராதவர்களோடு உட்காருவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. அதுவும் போய்விட்டால் நான் யார்?

முதல் ஊசி போட்டார்கள். உடனே குரல் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வந்தது வெறும் காற்று. மருந்து தசையை அளவுக்கு மேல் தளர்த்தும் ஆரம்ப நாள்களில் அப்படித்தான் இருக்குமாம். அதோடு, தண்ணீர் குடித்தால் புரையேறியது. குனிந்து, மோவாயை நெஞ்சோடு சேர்த்து, ஒவ்வொரு மிடறாக விழுங்கினேன். தண்ணீர் குடிப்பது ஒரு வேலையாகிவிட்டது.

கல்லூரித் தோழி சுகந்தி பார்க்க வந்திருந்தாள். பூந்தமல்லி பக்கம் ஒரு மருத்துவமனையில், பக்கவாத வார்டில் இருக்கிறாள். நான் குனிந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஸ்பீச் தெரபிஸ்ட்னா பேச்சு மட்டுமாடி? முழுங்க வைக்கிறதும் நம்ம வேலைதானே. எங்க வார்டுல ஆள் இல்லாம நான் சாகுறேன். வா" என்றாள்.

எரிச்சலில் அவளிடமும் சிடுசிடுத்தேன். ஆனால் போனேன்.

அங்கே எனக்கு முதலில் கொடுத்த நோயாளி செல்வம். பூந்தமல்லியில் லாரி பட்டறை வைத்திருந்தவர். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகள் தளர்ந்து, மூக்கு வழியே உணவுக் குழாய் போட்டிருந்தார்கள். ஒருமுறை நுரையீரலில் சளிக் காய்ச்சலும் வந்து போயிருந்தது. காரணம் அவர் மனைவி பத்மா. படுத்தவாக்கிலேயே அவருக்குப் பன்னை டீயில் நனைத்து ஊட்ட, அது நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது.

"இன்னாம்மா பண்றது? டீ இல்லாங்காட்டி அவரு மன்சனே இல்ல. கண்ணாலயே கேட்டுகினு கீறாரு" என்றார்.

திட்ட வாய் வந்தது. குரல் வரவில்லை, நல்லதாயிற்று. அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, மாதக்கணக்கில் நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி கொடுத்தேன். எளிதாக விழுங்க, மாவு கலந்து கெட்டியாக்கிய நீரில் தொடங்கினோம். இரண்டாவது ஊசி போட்ட வாரத்தில்தான் மருத்துவர் வெறும் தண்ணீருக்கு அனுமதி தந்தார். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்ததும் செல்வம் தலையை அண்ணாந்தார். வேண்டாம் என்று சொல்லக் காற்றுதான் வந்தது. நானே ஒரு டம்ளரை எடுத்து, அவர் எதிரே குனிந்து, மோவாயைச் சேர்த்து ஒரு மிடறு விழுங்கினேன். அவசரத்தில் எனக்கே புரையேறியது. இருமித் தீர்த்தேன்.

"இன்னாம்மா, ஒனக்கும் அதேதானா?" என்றார் பத்மா.

நான் தலையாட்டினேன். செல்வம் சிரித்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணி. பிறகு குனிந்து விழுங்கினார். இருமல் இல்லை. கூச்சத்தில் என் முகம் சுட்டது. சந்தோஷமும் இருந்தது.

சில வாரத்தில் எனக்கு மறுபடி நல்ல குரல் வந்தது. எப்படித்தான் செய்தி போனதோ, பழைய மேடம் போன் செய்தார். "ஹலோ" என்றேன், உடையாமல்.

"அடடா, எவ்வளவு க்ளியரா பேசுற! சரியாயிடுச்சே! நாளைக்கே வந்துடு. உன் பிள்ளைங்க எல்லாம் கேக்குதுங்க."

இத்தனை நாள் இந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்தேன். வார்டின் ஓரத்தில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே கட்டிலில் செல்வம் குழாய் இல்லாத மூக்கோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பத்மா அன்றைக்கு அனுமதி கிடைத்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வரல மேடம். இந்தக் குரல் போயிடும். போனாலும் இங்க எனக்கு வேலை இருக்கு."

"இவ்வளவு நல்ல குரலை அங்க போய் வீணாக்குறியே!"

நான் போனை வைத்தேன்.

இப்போது எனக்கு மாதங்கள் வேறு மாதிரி நகர்கின்றன. காற்றாய்ப் பேசும் நாள்கள், நன்றாகப் பேசும் நாள்கள், உடைந்து பேசும் நாள்கள் என்று மாறி மாறி வருகின்றன. முன்பெல்லாம் நடுவில் வரும் நல்ல நாள்கள் மட்டுமே என் வாழ்நாள் என்றும், மற்றவை காத்திருப்பு என்றும் நினைத்திருந்தேன். அன்று போனை வைத்த கையோடு கட்டிலுக்குப் போனேன். செல்வத்தின் தொண்டைமேட்டில் இரண்டு விரல்களை வைத்தேன். அவர் குனிந்தார். டீ உள்ளே போனது. விரல்களுக்குக் கீழே அந்த மேடு எழும்பி இறங்கியது. "ம்" என்று அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார்.