காலியாகத் திரும்பாத டப்பா

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் என் சாப்பாட்டுக் கடை. மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்குப் போன வருடம் திடீரென்று ஞானம் பிறந்தது. கெட்டியான பச்சை டப்பாக்கள் வாங்கினேன். சாப்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தால் கொதிநீரில் அலசி அடுத்தவருக்குக் கொடுப்பேன். முன்பணம் கிடையாது. நம்ம ஆட்கள்தானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அதைக் கேள்விப்பட்டு நகரத்து அலுவலகம் ஒன்று வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு சொல்லியிருந்தது. பிளாஸ்டிக்கைக் குப்பைக்கு அனுப்பாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எப்படி என்று அங்கே கூட்டமாம். தூக்கிப்போடும் டப்பா ஒன்று வந்தாலும் ஆர்டர் ரத்து.

வியாழக்கிழமை காலை அலமாரியைத் திறந்தேன். உள்ளே ஒரு பல்லி, சில மூடிகள். கொண்டுபோன டப்பா ஒன்றுகூடத் திரும்பி வந்திருக்கவில்லை. டப்பா வியாபாரியோ, "அடுத்த வாரம்தான் சரக்கு" என்றார்.

ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டேன்.

"அங்க எதுக்குங்க தேடுறீங்க?" என்றாள் மனைவி.

நான் எங்கே தேடினேன்? ஒளிந்துகொண்டிருந்தேன்.

செங்காங்கில் இருக்கும் ஒரு வாடிக்கைக்காரப் பெண்ணுக்குப் போன் அடித்தேன். "டப்பா ஏதாச்சும் இருக்காம்மா?"

"நிறைய இருக்குண்ணே. கழுவிக் கவுத்தி வெச்சிருக்கேன்."

"கொண்டாரலாமே?"

"காலியாவா? அசிங்கமா இருக்காது? ஏதாச்சும் செஞ்சு போட்டுத்தான் தரணும். அதுக்கு எங்க டைம் லா?"

அடுத்து, கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் வாடிக்கைக்காரத் தம்பி. "வெறும் டப்பாவ நீட்டுனேன்னு தெரிஞ்சா எங்கம்மா ஊர்லேருந்து ஃப்ளைட் புடிச்சு வந்து உதைக்கும்ணே!"

ஆக, என்மேல் வைத்த மரியாதையாலேயே எல்லோருமாகச் சேர்ந்து என்னை நடுத்தெருவில் நிறுத்தியிருந்தார்கள். வாடிக்கையாளர்களின் வாட்சப் குழுவில் கெஞ்சினேன்: "ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டால் போதும். காலையில் டப்பா வராவிட்டால் நான் ஆள் அவுட்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்தார்கள். சர்க்கரை, எலுமிச்சம்பழம், அன்னாசித் துண்டுகள். ஒருவர் சுடச்சுடக் கேசரியே கிண்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"டப்பா வந்துடுச்சு. உள்ள இருக்கறத எதுல கொட்டறது?" என்று கேட்டாள் மனைவி.

அண்டா, வாளி, டீ கெட்டில் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் கொட்டினோம். கழுவினோம். சாப்பாட்டை ஏற்றிப்போக வந்த வேன்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஈரம் போகவில்லையே என்று நான் சட்டையால் துடைக்கப் போக, மனைவி என் கையிலேயே ஒன்று போட்டுச் சுத்தமான துணியை எடுத்துக் கொடுத்தாள். கடைசிச் சாம்பார் சாதத்துக்கு மூடியை அழுத்தியபோது மிச்சம் ஒரு டப்பாகூட இல்லை. வேன் திரும்பி மறைந்த பிறகுதான் அடுப்பை அணைக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

இப்போது டப்பாவைத் திரும்ப வாங்கும் மேசையில் ஒரு கிண்ணம் சர்க்கரை வைத்திருக்கிறேன். கூச்சப்படுகிறவர்கள் அதில் ஒரு ஸ்பூன் எடுத்து டப்பாவுக்குள் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டுகிறார்கள். என் சர்க்கரையை நானே நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.