வாள் முனையில் எலுமிச்சம்பழம்

காலை ஆறே முக்காலுக்குச் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் நின்றோம். என் தோளில் கோணியில் சுற்றிய வாள். பக்கத்தில் என் மனைவியின் தம்பி ஏழுமலை.

எங்கள் ஊர்க் கங்கையம்மனுக்கு ஆடியில் கூழ் வார்க்கும்போது, இந்த வாளைப் பிடித்து முன்னால் நடப்பவன் நான். கட்டடங்களுக்குக் கம்பி கட்டுவது என் தொழில். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். வாள் கையில் இருந்தால் மட்டும் கூச்சம் தெரியாது. இந்த ஆண்டு மனை விற்பவர் ஒருவர் கோயிலுக்குப் பளபளவென்று எவர்சில்வர் வாள் செய்து கொடுத்தார். பழையது ராஜா காலத்தது என்றால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இரும்புக் கடைக்குப் போடலாம் என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் பழைய உலோகங்களைப் பார்த்துப் பழகிய அம்மா ஒருவர் ஓய்வுபெற்று மாமல்லபுரத்தில் இருக்கிறார். அவரிடம்தான் போகிறோம்.

கண்டக்டர் கோணியைத் தட்டினார். "இன்னாபா இது, கரும்பா?"

நான் தரையைப் பார்த்தேன். "சாமி பொருள்ணா," என்றான் ஏழுமலை.

"சாமிக்கு டிக்கெட் வாணாம். படுக்க வெச்சிக்கோ. எவன் கண்ணயாவது குத்திடப் போவுது."

பதினான்கு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். காலைப் பனிமூட்டத்தில் மலை தெரியவில்லை. மேலே கோயில் மட்டும் வானத்தில் நின்றது. மடியில் வாள் குளிர்ந்து கிடந்தது. கண் செருகியதும் கனவில் குதிரைகள் வந்தன. ஏரித் தண்ணீர் மேல் சத்தமில்லாமல் நடந்தன.

"இன்னா மாமா, தூங்கிகினே சிரிக்கிற? ராஜா வந்தாரா?"

எட்டு மணிக்கு மாமல்லபுரம். உப்புக் காற்றோடு உளிச் சத்தம் தெருவெல்லாம் வந்தது. ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய்.

அந்த அம்மா தன் வீட்டில் வாளை வெள்ளைத் துணியில் கிடத்தி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பிறகு என் விரலைப் பிடித்து வாளின் மேல் வைத்தார். நீளவாக்கில் மூன்று மெல்லிய பள்ளங்கள்.

"இப்படிப் பள்ளம் ஓடுற அலகு பெரும்பாலும் வெளிநாட்டு வேலை. கப்பல்ல வந்திருக்கணும். கைப்பிடி மட்டும் நம்ம பக்கம் போட்டது."

"அப்ப பல்லவ ராஜாவுது இல்லியா?" என்றான் ஏழுமலை.

"அவ்ளோ பழசு இல்லப்பா. இருநூறு, முந்நூறு வருஷம் இருக்கலாம். முத்திரை இருந்தா உறுதியா சொல்லலாம், துரு தின்னுடுச்சு." முனையைத் தொட்டார். "இங்க மட்டும் ஏன் இப்படி அரிச்சிருக்கு? எதாவது வெப்பீங்களா?"

"எலுமிச்சம்பழம் குத்துவோம்," என்றேன்.

"எப்போ எடுப்பீங்க?"

"எடுக்க மாட்டோம்மா. அம்மன் பழம். அடுத்த ஆடிக்குப் புதுசு குத்துறப்பதான்."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அப்போ இந்தத் துருவுல பாதி வயசால வந்தது இல்ல. பழத்தோட புளிப்பால வந்தது."

முகம் சுட்டது. கடற்கரை வேலைகளில் துருவுக்குப் பயந்து கம்பியை ஒரு வாரம் மூடாமல் விடமாட்டேன் நான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பழத்தைக் குத்தியவனும் நான்தான்.

பதினோரு மணிக்குக் கடற்கரையில் உட்கார்ந்தோம். கடலும் வானமும் ஒரே நிறம். படகு ஒன்று எதன் மேலும் படாமல் போனது. எந்த ஊர்க் கொல்லன் இதை அடித்திருப்பான்? எங்கள் தெருவில் வேப்பிலை கட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்திருப்பானா?

ஏழுமலை சுண்டல் தின்றபடி கோணியைத் தட்டினான். "எந்த ஊர்லயோ பொறந்து, நம்ம ஊர்ல கூழு ஊத்திகினு கீது. இத போய் எடைக்குப் போட முடியுமா?"

"நீ சொல்லிடு ஊர்ல."

"துரு புடிக்க வெச்சது நீ. நீயே சொல்லு மாமா."

மாலை நாலு மணிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். நான் வாளைப் பிடித்துக்கொண்டே பேசினேன். "ராஜா வாள் இல்ல. கப்பல்ல வந்துது. துருவுல பாதி நாம குத்துன பழம். இனிமே இதுல குத்த வாணாம். எண்ணெ தொடச்சி வெச்சிக்கலாம்."

"பழம் குத்தாம அம்மன் எப்படிக் கிளம்புவா?" என்றார் தர்மகர்த்தா.

"எவர்சில்வர் கீதே, அதுல குத்து நைனா!" என்றான் ஏழுமலை. "அதான் துருவே புடிக்காதே!"

முதலில் சிரித்தவர் தர்மகர்த்தாதான்.

இந்த ஆடியில் பழத்தோடு புது வாள் ஏழுமலை கையில் போனது. பழையது எண்ணெய் மணத்தோடு என் கையில். மேலத் தெரு முடிந்து ஊர்வலம் திரும்பும் இடத்தில், வாளின் முனை நேர் கிழக்கே நீளும். ஒவ்வோர் ஆண்டும் அங்கே சட்டென்று திரும்பிவிடுவேன். அந்தப் பக்கம் முப்பது கிலோமீட்டரில், இந்த வாள் வந்த கடல். இந்த முறை அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.