சைரன் அணைந்த பாலம்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்கு நிலையத்தில் பெயர் 'சங்கு'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. இத்தனை வருடமாகத் தலைக்கு மேலேயே சைரன் அலறியதில் காது மந்தமாகிவிட்டது. வண்டியை விட்டு இறங்கினாலும் உள்ளே அந்த ரீங்காரம் ஓயாது. "ஊரையே ஒதுங்க வைக்கிற மனுஷன், நான் கூப்பிட்டா மட்டும் திரும்பறதில்ல" என்பாள் மனைவி. அதுவும் பாதிதான் கேட்கும்.

அன்று மத்தியானம் நிலையத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வண்டியில் கூட வருகிற நர்ஸ் கேட்டாள்.

"அண்ணே, சைரன்னா யாரு தெரியுமா?"

"யாரா? எதுன்னு கேளும்மா."

"யாருதான். கிரேக்கக் கதையில வர்ற பொண்ணுங்க. பாதி பொண்ணு, பாதி பறவை."

அவள் சொன்ன கதை இது. அந்தப் பெண்கள் கடல் நடுவே ஒரு தீவில் உட்கார்ந்து பாடுவார்கள். பாட்டைக் கேட்டவன் கப்பலை அந்தப் பக்கம் திருப்புவான். அத்தோடு அவன் கதை முடிந்தது. ஒரு தலைவன் மட்டும் தன் ஆட்களின் காதை மெழுகால் அடைத்தான். தனக்குக் கேட்க ஆசை. அதனால் தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொன்னான். கெஞ்சினாலும் அவிழ்க்கக் கூடாது என்று உத்தரவு. வெகு காலம் கழித்து ஒருவர் தண்ணீருக்குள்ளும் ஒலிக்கிற கருவி ஒன்று செய்து, தண்ணீரில் பாடுகிறதே என்று அதற்கு இந்தப் பெயரை வைத்தார். அந்தச் சொல்லே கயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு, நிச்சயமாகத் தெரியாது.

"அவங்க வான்னு கூப்பிட்டாங்க. நம்மது போன்னு விரட்டுது. நல்லா வச்சான் பேரு!" என்றார் சங்கு.

"காதுல மெழுகு வச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சுண்ணே."

அவர் சிரித்து முடிப்பதற்குள் அழைப்பு வந்தது.

மாடி வீடு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த பெரியவரை இறக்கி ஏற்றினார்கள். பின்னால் நர்ஸ் வேலை செய்ய இடம் வேண்டும். அதனால் அவர் மனைவியை முன் இருக்கையில் உட்காரவைத்தார்கள். சங்கு பெல்ட்டைப் போட்டு, சைரனை அலறவிட்டுக் கிளம்பினார்.

கொஞ்ச தூரத்தில் அந்த அம்மா நடுவிலிருந்த சின்ன ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெரியவரின் வாய் அசைந்தது.

"தம்பி, அவரு கூப்பிடறாரு. ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்துப்பா, பின்னால போயிடறேன்."

"நிறுத்தாதீங்கண்ணே!" நர்ஸ் கத்தினாள்.

"என்னவோ சொல்றாருப்பா. கேக்க மாட்டேங்குது. இதுதான் கடைசின்னா? உனக்குப் புண்ணியமாப் போகும்."

இப்படிக் கெஞ்சியவர்கள் இந்த இருக்கையில் எத்தனையோ பேர். நிறுத்தினால் போகிற நேரம் அந்த மனிதரின் உயிர். சங்கு வண்டியை நிறுத்தவில்லை. பெல்ட் தோளை அழுத்தியது.

பாலம் வந்தது. நீளமான பாலம், கண்ணுக்கு எட்டிய வரை முன்னால் வண்டி இல்லை. வேகத்தைக் குறைக்காமல் கையை நீட்டிச் சைரனை அணைத்தார்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. சைரன் நின்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். ஆள் போய்விட்டால்தான் அணைப்பார்கள்.

"ஏண்ணே அணைச்சீங்க? இருக்காருண்ணே!"

"தெரியும்மா. பேசட்டும். பேசுங்கம்மா, சீக்கிரம். பாலம் முடிஞ்சா போட்டுருவேன்."

அந்த அம்மா ஜன்னலில் முகத்தை வைத்தார். "என்னங்க?"

"கதவப் பூட்டினியா?"

"பூட்டிட்டேங்க. நீங்க பேசாம இருங்க."

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். அலட்டிக்காதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

பாலம் முடிந்தது. சைரன் மறுபடி அலறியது.

மருத்துவமனையில் பெரியவரை உயிரோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொள்வார் போலிருக்கிறது என்று நர்ஸ் வந்து சொன்னாள். சங்கு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்தார். அந்த அம்மா திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டி, ஒரு சாவியை நீட்டினார்.

"தம்பி, பூட்டினேனா இல்லையான்னு எனக்கே ஞாபகமில்லப்பா. அவருகிட்ட ஆமான்னுட்டேன். போற வழிதானே?"

போகிற வழியில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

சைரன் இல்லாமல் வண்டி அந்தத் தெருவுக்குள் மெல்லத் திரும்பியது. எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்றார். மாடிகளில் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்கு பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். முட்டி வலித்தது.

"இருக்காருங்க," என்றார், காது மந்தமானவர்கள் பேசுகிற உரத்த குரலில். "நல்லா இருக்காரு. கதவு பூட்ட வந்தேன்."

மாடியேறினார். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பூட்டினார். பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.