நாளைக்கு மேடம்

மேடம் குடை வாங்கப் போனால் மூன்றாகத்தான் வாங்குவார். "ஒண்ணு கையில இருக்கும், ஒண்ணு ரிப்பேர்ல கிடக்கும், ஒண்ணை யாராவது இரவல் வாங்கிட்டுப் போயிருப்பாங்க. கப்பலும் அப்படித்தான். கடல்ல ஒண்ணு ஓடணும்னா கைவசம் மூணு இருக்கணும்." கணவர் பாவம், "நல்லவேளை, புருஷன் விஷயத்துல இந்தக் கணக்கைப் போடல" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

கடற்படைத் தலைமையகத்தில், இன்னும் இருபது வருஷம் கழித்து எத்தனை கப்பல் இருக்க வேண்டும், எதை எப்போது கட்டத் தொடங்க வேண்டும் என்று திட்டம் போடுவது இவர் வேலை. "அதுக்குத்தான் இருபது வருஷம் இருக்கே!" என்று யாராவது வாய்விட்டால் போச்சு. "இருபது வருஷமா? அது நாளைக்குங்க!" என்று பாய்வார். ‘நாளைக்கு மேடம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் கடல் இவருக்கு ஆகவே ஆகாது. கரையில் கட்டிப் போட்டிருந்த கப்பலில் ஏறியதற்கே தலைசுற்றி, தளபதியின் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகராசி!

போன வாரம் ஆபீஸில் பெரிய சண்டை. மூன்று வருஷம் எதையும் கட்டாமல் இருந்துவிட்டு, பிறகு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்றார் மேலதிகாரி. இவருக்குப் பொறுக்கவில்லை. "வெல்டருங்க என்ன குழாய்த் தண்ணியா சார், வேணும்னா திறக்க, வேணாம்னா மூட? சும்மா உக்கார வச்சா ஆளுக்கொரு திசையில போயிடுவாங்க. அப்புறம் கப்பலை நீங்களும் நானுமா ஒட்டப் போறோம்?" கடைசியில் இவர் பேச்சுதான் எடுபட்டது. இடைவெளி இல்லாமல் வருஷத்துக்கு ஒரு கப்பல். ஆனால் அறிவிப்பு வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அந்தக் கப்பல்களைக் கட்டப்போகும் தளத்தில்தான் அவன் வெல்டர். வெளிநாட்டில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, மறுநாள் பதில் சொல்ல வேண்டும். போனால் கைக்குழந்தையை விட்டுவிட்டு ஐந்து வருஷம்.

"யார்டுல வேலை நிக்கப் போகுதாமேக்கா? நிஜமா?"

"ஆபீஸ் விஷயத்தை எங்கிட்ட கேக்காதடா."

சொல்லிவிட்டு மனசுக்குள்ளேயே புலம்பினார் மேடம். போக வேண்டிய அவசியமே இல்லாமல் போகப் பார்க்கிறானே, வாயைத் திறக்க முடியவில்லையே!

"சரி விடு. உன் பெரிய பெட்டியையாவது குடு, துணிமணி எடுத்து வைக்கணும்."

எழுந்து உள்ளே போனார். பரணிலிருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, கூடத்தின் நடுவே இழுத்து வந்து போட்டார். தம்பி கைப்பிடியைப் பிடித்தான்.

அந்தப் பெட்டியின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார் அக்கா.