லிவர்மோர் பள்ளியில் கடைசி வரிசை நாற்காலி

1998 அக்டோபரில் அமெரிக்கா கிளம்பியபோது, லிவர்மோர் கோயிலைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் எங்கள் ஊர் கோபியில் எல்லாரிடமும் சொன்னேன். கோயிலும் பார்த்தேன். போன காரணம் வேறு. என் மகள் சுமதி போனில் அழுதாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி திவ்யா பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். மந்தமான பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் போடப் போகிறார்களாம். வீட்டில் தொண்டை வற்றப் பேசுகிற பிள்ளை அது.

சென்னை, சிங்கப்பூர், சான் பிரான்சிஸ்கோ. ஸ்வெட்டரைக் கைப்பையில் வையுங்கள். நான் பெட்டிக்குள் போட்டுவிட்டு பயணம் முழுக்க நடுங்கினேன். அங்கிருந்து லிவர்மோர் நாற்பது மைல், காரில் ஒரு மணி நேரம். நீளமான பாலத்தைத் தாண்டினால் காய்ந்த புல் மலைகள். நம் ஊர் சித்திரை மாதம் போல இருக்கும், அத்தனை வெயில்தான் இருக்காது. மாப்பிள்ளை காரை ஓட்டினார். மகள் வழியெல்லாம் நகத்தைக் கடித்தபடி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், "வியாழக்கிழமை மூணு மணிக்கு ஸ்கூல்ல மீட்டிங்மா. சைன் பண்ணணும்."

"பண்ணப் போறியா?"

"டீச்சர் சொன்னா சரியாத்தான இருக்கும். நாம போய் ஆர்க்யூ பண்ண முடியுமா?"

"இதுக்கு முன்னால ஒருக்காவாச்சும் பள்ளிக்கூடம் போனியா அம்மணி?"

"பேரண்ட்ஸ் வாங்கன்னு எல்லாருக்கும் பொதுவா அனுப்புன நோட்டீஸ்தானம்மா. நம்ம பேரச் சொல்லியா கூப்பிட்டாங்க?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தபாலில் பத்திரிகை மட்டும் வந்த கல்யாணத்துக்கு நானே போனதில்லை. நேரில் வந்து பேர் சொல்லி அழைத்தால்தான் அழைப்பு.

பள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வியாழக்கிழமை நாங்கள் போனபோது வெளி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். பேர் மேரி. அலாஸ்காவின் வடகோடியில், கடல் உறைகிற ஊர்க்காரி. இனுயிட் என்கிற பனிநாட்டுப் பழங்குடியாம். அவள் மகனும் திவ்யா வகுப்புதான். அவனும் பேசுவதில்லையாம், அதே தனி வகுப்பாம். எங்களுக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. டீச்சர் நிறையப் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு பேச்சுப் பேசினாள்.

"என்ன சொல்றா?" என்று சுமதியின் கையைக் கிள்ளினேன்.

"நாளைக்கு வந்து கிளாஸ்ல உக்காந்து பாக்கறேன், அப்புறம் பேசலாம்ங்கறாம்மா. டீச்சரும் சரிங்கறாங்க. இங்க அப்பிடியெல்லாம் உக்காரலாமா?"

எங்கள் முறை வந்தது. பேனாவை நீட்டினார் டீச்சர். இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் ஏன் ஒரு தடவைகூட வரவில்லை, பிள்ளை படிப்பில் அக்கறை இல்லையோ என்று நினைத்துவிட்டோம் என்றார். சுமதிக்கு முகம் கறுத்துப்போயிற்று. பேனாவை வாங்கிவிட்டாள். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன்.

"நாமளும் உக்காந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுக்கலாம் கண்ணு."

வெள்ளிக்கிழமை காலை, மகள் லீவு போட்டாள். கடைசி வரிசையில் குட்டி நாற்காலிகள். மேரி, சுமதி, நான். டீச்சர் கேள்வி கேட்டதும் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு 'மீ, மீ' என்று கத்தின. திவ்யா கை கட்டி உட்கார்ந்திருந்தாள். ஆனால் உதடு அசைந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அசைந்தது. அடுத்து களிமண் வேலை. மேரி என்னைத் தொட்டுத் தன் மகனைக் காட்டினாள். பக்கத்துப் பையன் மண்ணில் கிண்ணம் செய்வதை அவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தன் மண்ணைத் தொடவே இல்லை. எல்லாரும் முடித்த பிறகு எடுத்து ஒரே மூச்சில் செய்தான், ஒரு விரிசல் இல்லாமல். எங்கள் ஊரில் பிள்ளை முதலில் பார்க்கும், பிறகுதான் கை வைக்கும் என்றாளாம் மேரி, சுமதி என் காதில் சொன்னாள்.

இடைவேளையில் திவ்யாவைப் பிடித்தேன். "ஏஞ்சாமி, தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஷி டிடின்ட் கால் மை நேம், அம்மாயி."

டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். சுமதி என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நேராக டீச்சரிடம் போனாள். அவள் பேரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள் என்றாள்.

மணி அடித்தது. டீச்சர் பலகையில் கணக்கு எழுதினார். பதினாலில் ஆறு போனால்? கைகள் எழுந்தன. அவர் எதையும் பார்க்கவில்லை.

"திவ்யா?"

சுமதியின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. திவ்யா, நான் சொல்லிக்கொடுக்காமலே, நம் ஊர்ப் பிள்ளை போல எழுந்து நின்றாள். இரண்டு பிள்ளைகள் சிரித்தன.

"எய்ட்," என்றாள்.

தனி வகுப்புப் பேச்சைக் கிறிஸ்துமஸ் வரை தள்ளிவைத்தார்கள், இரண்டு பிள்ளைகளுக்கும். அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, கணக்கில் அவள் கெட்டி.

பேரப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: கோயிலுக்கு சனிக்கிழமை போகாதீர்கள், கூட்டம். மூட்டுவலிக்காரர்கள் தைலம் எடுத்துப்போங்கள், பள்ளி நாற்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. அழைப்பு வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பள்ளிக்கூடத்தில் உட்கார அதுவே போதுமாக இருந்தது.